இனவாதம்: உள்ளத்தின் வெறுப்பா, அமைப்பின் விளைவா?

அரசியல் விவாதங்களில் இனவாதம் என்ற குற்றச்சாட்டு எழும்போது, இரு தரப்பினரும் பெரும்பாலும் வெவ்வேறு பொருளில் பேசுகிறார்கள். முதல் பொருளில் அது தனிமனிதரின் வெறுப்பு. பிறப்பைக் காரணம் காட்டி ஒருவரை இழிவுபடுத்துவது.

இரண்டாவது பொருள் நோக்கத்தைத் தேடுவதில்லை, விளைவைப் பார்க்கிறது. அமெரிக்காவில் 1930களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் வரைபடங்களில் சிவப்பு நிறத்தால் குறிக்கப்பட்டு, அங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்தானது என்று மதிப்பிடப்பட்டது. வீட்டுவசதிப் பாகுபாட்டை 1968இல் சட்டம் தடைசெய்த பிறகும், சொத்துச் சேர்க்க முடியாமல் போன குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்த இழப்பு தொடர்ந்தது. இன்று அங்கே கடன் மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரியிடம் துளி வெறுப்பும் இல்லாதிருக்கலாம். பிரிட்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் கொலை வழக்கைக் காவல்துறை கையாண்ட விதத்தை ஆராய்ந்த மக்பர்சன் அறிக்கை 1999இல் லண்டன் காவல்துறையில் நிறுவனமயமான இனவாதம், அதாவது அமைப்பின் நடைமுறைகளிலேயே ஊறிய பாகுபாடு, இருப்பதாகச் சொன்னபோதும், ஒவ்வொரு காவலரையும் அது குற்றம் சாட்டவில்லை.

தண்டிப்பதற்கு முதல் பொருள் உதவும். சீர்திருத்துவதற்கு இரண்டாவதே வலிமையானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அமைப்பின் மீதான குற்றச்சாட்டைக் கொண்டு தனிமனிதர் ஒருவரை வெறுப்பாளர் என்று முத்திரை குத்துவது அநீதி. 1965இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையோ, நோக்கம், விளைவு ஆகிய இரண்டையுமே தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது.