மீன்தொட்டி கன்ட்ரோலருக்கு ஏற்ற திரை என்று சொல்லி விற்கும் மலிவு டேப்லெட்டை வாங்காதீர்கள்

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள், கன்ட்ரோலர் (தண்ணீரின் வெப்பநிலை, உப்பளவு போன்றவற்றை அளந்து கண்காணிக்கும் கருவி) காட்டும் அளவுகளை எந்நேரமும் பார்க்கச் சுவரில் ஒரு டேப்லெட் மாட்டலாம் என்று நினைத்தால் தயவுசெய்து இதை முழுதாகப் படித்துவிடுங்கள். "மீன்தொட்டி கன்ட்ரோலருக்கு ஏற்றது, 24 மணி நேரமும் சார்ஜரிலேயே இருக்கலாம், ஆண்ட்ராய்டு 13, 8 ஜிபி ரேம்" என்று தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டிய படத்தோடு விளம்பரம் போட்டிருந்த ஒரு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கினேன். அதில் சொன்ன எதுவும் உண்மையில்லை. பணம் போனதுகூடப் பரவாயில்லை, அந்தத் திரை பழைய வெப்பநிலையையே காட்டிக்கொண்டு நின்றதால் ஆசையாக வளர்த்த பவளங்கள் வெளிறிப்போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கன்ட்ரோலரின் ஆப்பை ஏற்றப் பார்த்தபோதே "இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது" என்று வந்தது. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் ஆண்ட்ராய்டு 13 என்றுதான் இருக்கிறது, அப்புறம் ஏன் பொருந்தாது? விற்றவரிடம் கேட்டதற்கு, ஆப் தேவையில்லை, பிரவுசரில் திறந்தாலே எல்லாம் தெரியும் என்று பதில் வந்தது. திறந்தால் வெப்பநிலை, பி.எச்., உப்பளவு எல்லாம் வந்தன, மாட்டிவிட்டோம்.

அதற்கப்புறம் ஒரு நாள் தொட்டியைக் குளிர்விக்கும் விசிறி நின்றுபோயிருக்கிறது. கன்ட்ரோலருக்கு அது தெரிந்திருக்கிறது, அதன் பதிவில் வெப்பம் ஏறிக்கொண்டே போனது பின்னால் பார்க்கும்போது தெளிவாக இருந்தது. ஆனால் டேப்லெட்டில் அந்தப் பக்கம் எப்போதோ உறைந்து, 25.6 என்ற எண்ணைக் காட்டியபடி அப்படியே நின்றிருக்கிறது. வீட்டில் போகிற வருகிற எல்லோரும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கடந்து போனோம். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குவதைப் பார்த்துத்தான் வெப்பமானியை உள்ளே விட்டோம், 30-ஐத் தாண்டியிருந்தது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும், அதே நேரம் மீனுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன் கூடும், இரண்டும் சேர்ந்துதான் அந்த மூச்சிரைப்பு. மீன்களைக் காப்பாற்ற முடிந்தது. பவளங்களோ சூடு தாங்காமல், தங்களுக்குள் வாழ்ந்து உணவு தயாரித்துத் தரும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெள்ளையாக நிற்கின்றன. திரை கறுத்துப்போயிருந்தால்கூட யாராவது என்னவென்று பார்த்திருப்போம்.

அதன் பிறகு, சாதனத்தின் உள் விவரங்களைக் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் உள்ளே ஏபிஐ எண் என்று ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 13 என்றால் அது 33 ஆக இருக்க வேண்டும், இதில் இருந்தது 27, அதாவது 2017-இல் வந்த 8.1. செட்டிங்ஸில் தெரியும் எழுத்தை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். ரேம் உண்மையில் 2 ஜிபி. அவ்வளவு சின்ன நினைவகத்தில் பழைய பிரவுசர் ஒரு பக்கத்தை இரவும் பகலும் திறந்து வைத்திருந்தால் திணறத்தான் செய்யும்.

அடுத்தது பேட்டரி. லித்தியம் பேட்டரியை முழு சார்ஜிலேயே, அதுவும் தொட்டி விளக்கின் சூட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தால் உள்ளே வாயு உண்டாகி உப்பும். நல்ல டேப்லெட்டுகள் பலவற்றில் 80 அல்லது 85 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு, இதில் இல்லை. திரை ஒரு ஓரமாக மேலே எழும்பி, இடைவெளியில் உள்ளே இருப்பது தெரிந்தது.

படங்களோடு புகார் அனுப்பினேன். முதலில் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொன்னார்கள். ஏபிஐ எண்ணைக் காட்டியதும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல், நல்ல மதிப்புரை போட்டால் கொஞ்சம் பணம் திருப்பித் தருகிறோம் என்றார்கள். மறுத்தேன். கடைசியில் வந்த பதில்: தொடர்ந்து சார்ஜரில் வைத்ததும் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்ததும் தவறான பயன்பாடாம், அதனால் வாரண்டி செல்லாதாம். இவர்கள் விளம்பரப் படமே தொட்டிக்குப் பக்கத்தில் எடுத்ததுதானே! அதைத் திருப்பி அனுப்பிக் கேட்டேன், அப்புறம் பதிலே இல்லை.

இந்த மாதிரி பெயர் தெரியாத டேப்லெட் ஏற்கெனவே கையில் இருந்தால், திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் ஏபிஐ எண்ணையும் ரேமையும் பார்த்துவிடுங்கள். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் பிளே புரொடெக்ட் சான்று (கூகிளின் சோதனைகளில் தேறிய சாதனம் என்பதற்கான அடையாளம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற தீம்பொருள் வலையமைப்பைப் பற்றி எச்சரித்தது. விற்பனைக்கு வரும் முன்பே தீம்பொருள் ஏற்றப்பட்ட சாதனங்களும் அதில் சிக்கியிருந்தன, பெரும்பாலும் இப்படிச் சான்றில்லாத ஆண்ட்ராய்டு சாதனங்கள்தான். அதனால் சந்தேகமான எதையும் வீட்டின் முதன்மை வைஃபையில் சேர்க்காதீர்கள், கன்ட்ரோலர் இருக்கும் நெட்வொர்க்கில் சேர்க்கவே வேண்டாம்.

அலாரம் கன்ட்ரோலரிலிருந்தே நேராக உங்கள் கைபேசிக்கு வரும்படி வையுங்கள், கூடவே ஒரு பஸ்ஸரும் இருக்கட்டும். எந்தத் திரையாக இருந்தாலும் வெப்பநிலைக்குப் பக்கத்தில் கடைசியாக அளவு வந்த நேரமும் தெரிய வேண்டும், அது இல்லாத எண்ணை நம்ப வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டி வைத்திருப்பவர்கள் இன்றே கழற்றி, ஓரங்களையும் பின்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். கொஞ்சம் புடைத்திருந்தாலும் சார்ஜரிலிருந்து எடுத்துவிடுங்கள். அழுத்தி மூடவோ குத்தித் திறக்கவோ வேண்டாம், தீப்பிடிக்கும். எரியும் பொருள்களிலிருந்து தள்ளி வைத்து, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் பேட்டரி உப்பியிருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.