குளிரில் முரண்டு பிடிக்கும் ஜெனரேட்டர்: ஆயிலா, ஈதர் ஸ்ப்ரேயா, செல்ஃப் ஸ்டார்ட்டா?

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. மற்ற நாட்களில் இரண்டாவது இழுப்பிலேயே உறுமிவிடும். குளிர் ஐந்து டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் இருபது முறை இழுத்தாலும் அசைந்து கொடுக்காது. இரண்டு குளிர்காலம் இந்த மல்லுக்கட்டுக்குப் பிறகு மூன்று வழிகளை எடைபோட்டேன். உள்ளே இருந்த எஸ்ஏஇ 30 ஆயிலை வடித்துவிட்டு குளிரிலும் இளகலாக இருக்கும் 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஆயில் ஊற்றுவது, காற்று உள்ளே போகும் வழியில் எளிதில் பற்றும் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது, பேட்டரி வைத்த செல்ஃப் ஸ்டார்ட் மாடலுக்கு மாறுவது. ஆயிலைத்தான் மாற்றினேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எதை முடிவு செய்வதற்கு முன்பும் பார்க்க வேண்டியவை எல்லோருக்கும் தெரிந்தவைதான்: காற்றைக் குறைக்கும் சோக் முழுதாக மூடியிருக்க வேண்டும், பெட்ரோல் வால்வு திறந்திருக்க வேண்டும், மின்சாதனம் எதுவும் இணைந்திருக்கக் கூடாது. டேங்கில் இருப்பது கோடையில் நிரப்பிய பெட்ரோல் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்ட பெட்ரோல் குளிரில் பற்றுவது கடினம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் என்ஜின் மறுத்தபோதுதான் ஆயிலைச் சந்தேகித்தேன். கயிறு இழுக்கும் என்ஜினில் எல்லாமே நாம் இழுக்கும் வேகத்தை நம்பியே இருக்கின்றன. ஸ்பார்க்குக்கு வேண்டிய மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான பிளைவீலில் உள்ள காந்தம், கம்பிச் சுருளான காயிலைக் கடந்து ஓடும்போது அங்கேயே பிறக்கிறது. பிளைவீல் மெதுவாகச் சுற்றினால் பொறி பலவீனமாகும், அல்லது வராமலே போகும். காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரிலிருந்து அதை உறிஞ்சி எடுப்பதும் பிஸ்டன் ஓடும் வேகம்தான். ஆயில் தேன்போல இறுகிவிட்டால் கை எவ்வளவு வலுவாக இழுத்தாலும் வேகம் கிடைக்காது. பொறியும் பெட்ரோலும் ஒரே நேரத்தில் குறைந்துபோகும். நாமோ பிளக்கைக் கழற்றித் துடைப்போம், கார்புரேட்டரைப் பிரிப்போம். நான் அப்படி இரண்டு முறை பிரித்தேன். கார்புரேட்டரில் கோளாறு எதுவும் இல்லை.

காரணம் ஆயில்தானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. ஸ்விட்சை அணைத்து, பெட்ரோல் வால்வை மூடி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் ஒயரை அந்த ஓட்டையிலிருந்து தூரமாக விலக்கி வையுங்கள். ஏனென்றால் உள்ளிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். இப்போது கயிற்றை இழுத்துப் பாருங்கள். பிளக் இல்லாததால் சிலிண்டரில் அழுத்தம் கிடையாது. கயிறு லேசாக வர வேண்டும். அப்போதும் கனமாக வந்தால் பெரும்பாலும் ஆயில்தான் கையைப் பிடித்து நிறுத்துகிறது. என் ஜெனரேட்டரில் கயிறு சேற்றுக்குள் கிடந்ததை இழுப்பதுபோல வந்தது.

எஸ்ஏஇ 30 என்பது ஒற்றைத் தர ஆயில். 100 டிகிரி வெப்பத்தில் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை மட்டுமே அந்த 30 சொல்கிறது. குளிரைப் பற்றி அது எந்த உறுதியும் தருவதில்லை. 5டபிள்யூ-30 ஆயிலும் சூடானபின் அதே 30 தரத்தில்தான் நிற்கும். முன்னால் உள்ள 5டபிள்யூ, மைனஸ் 30 டிகிரியில் என்ஜினைச் சுழற்றும் அளவுக்கு இளகியிருக்கிறதா என்ற சோதனையில் தேறியதற்கான குறி. 10டபிள்யூ ஆயிலுக்கு அதே சோதனை மைனஸ் 25 டிகிரியில் நடக்கும். லேசான குளிருக்கு 10டபிள்யூ-30 போதும். அடிக்கடி உறைநிலைக்குக் கீழே போகும் இடமென்றால் 5டபிள்யூ-30 நல்லது. என்ஜினுக்கு எந்தத் தரம் எந்த வெப்பநிலைக்கு என்ற அட்டவணை கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டிப் போக வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தச் சிறிய என்ஜின்கள் பலவற்றில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டிதான் ஆயிலை வாரி மேலே இறைக்கிறது. இறுகிய ஆயில் சரியாகத் தெறிக்காது. எப்படியோ ஸ்டார்ட் செய்துவிட்டாலும் முதல் சில நிமிடங்கள் உலோகத்தோடு உலோகம் உரசும். ஈதர் ஸ்ப்ரேயை நான் ஒதுக்கியதற்கு இதுவே முதல் காரணம். அது என்ஜினை எழுப்பும், ஆனால் ஆயிலை இளக்காது. சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் கொஞ்ச ஆயிலையும் கழுவிவிடும். பெட்ரோல் தானாகப் பற்றச் சுமார் 250 டிகிரி வேண்டும். ஈதருக்கு 160 டிகிரியே போதும். அதனால் அது நேரத்துக்கு முன்பே வெடித்து, கயிறு கையிலிருந்து பின்னோக்கிப் பிடுங்கிக்கொண்டு போகலாம். நான் அதை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தினேன். என்ஜின் ஓடியது. ஆனால் அந்த முதல் சத்தத்தை மறுபடி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

செல்ஃப் ஸ்டார்ட்டை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. தெரிந்தவர் ஒருவரின் மெஷினோடு பழகிய அளவில்தான் பேச முடியும். தோள்வலி உள்ளவருக்கும் வயதானவருக்கும் அது பெரிய வரம். ஆனால் ஈய அமில பேட்டரியின் வலு மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். மாதக்கணக்கில் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் இன்னும் மோசம். சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்தே போகக்கூடும். அந்த மோட்டாரும் சுழற்ற வேண்டியது அதே ஆயிலைத்தான். எனவே செல்ஃப் ஸ்டார்ட் வாங்கினாலும் குளிருக்கேற்ற ஆயிலை ஊற்றாமல் தீராது.

பராமரிப்பு என்று பார்த்தால் ஆயில் மாற்றுவது வருடத்துக்கு ஒரு முறையாவது செய்யும் வேலை. எப்படியும் செய்ய வேண்டியதுதான், தரம் மட்டுமே வேறு. வெளியே திறந்த இடத்தில் என்ஜினைச் சில நிமிடம் ஓட்டி, நிறுத்தி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடியுங்கள். கசடும் சேர்ந்து இறங்கும். குளிருக்குப் பயந்து ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ வைத்து ஓட்டவே கூடாது. கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

என் தேர்வுக்கும் ஒரு விலை உண்டு. காற்றால் குளிரும் என்ஜின்களில், வெயில் காலத்தில் இந்த மெல்லிய ஆயில் கூடுதலாகச் செலவாகும். கோடையில் ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கிறேன். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி, மணிக்கணக்கில் ஓட்டும் தேவையும் இருந்தால் எஸ்ஏஇ 30 ஆயிலுக்கே திரும்பிவிடுகிறேன்.