டயப்பர் தொட்டி: நாற்றம் அடங்குகிறதா?

குழந்தையின் அழுக்கு டயப்பர்களைப் போட்டு மூடிவைக்க முதலில் வாங்கியது ஒரு பிளாஸ்டிக் தொட்டி, பெயர் வேண்டாம். குழந்தை தாய்ப்பால் மட்டும் குடித்த வரை பிரச்சினையே இல்லை, 6 மாதத்தில் இட்லியும் பருப்புச் சாதமும் ஆரம்பித்ததும் கதை மாறிவிட்டது. கழுவி வெயிலில் காயவைத்த பிறகும் வாடை போகவில்லை, பிளாஸ்டிக் அதை அப்படியே உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அதற்கென்றே விற்கும் பையைத்தான் மாட்ட வேண்டும் என்பது தனிச் செலவு.

அப்புறம் உப்பி (Ubbi) என்ற பிராண்டின் ஸ்டீல் தொட்டி வாங்கினோம். மூடியைத் தூக்க வேண்டாம், பக்கவாட்டில் நகரும், அதனால் உள்ளே இருக்கும் காற்று முகத்தில் அடிப்பதில்லை. ரப்பர் சீல் உண்டு. சாதாரண குப்பைப் பையே போதும். கனமும் விலையும் அதிகம்தான்.

ஆனால் எந்தத் தொட்டியும் மாயம் செய்யாது. சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியா உடைப்பதால் வருவதுதான் அந்த அம்மோனியா நெடி, நாளாக ஆக ஏறும். மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, டயப்பரை இறுக்கிச் சுருட்டிப் போடுங்கள், தொட்டியின் அடியில் கொஞ்சம் ஆப்ப சோடா தூவுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பையை மாற்றுகிறோம், என் மாமியார் மட்டும் இன்னும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்த அறைக்குள் வருகிறார்.