11,400 ரூபாய் போச்சு: பவளத் தொட்டி ரீஃப் லைட்டுக்கு எல்இடி வாங்கப் போறவங்க பாத்துக்கோங்க

கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். கடை பேரு போடல. எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் விக்கிற கடை, மீன் தொட்டிக்காரங்களும் இப்ப நிறைய போறாங்க.

தண்டையார்பேட்டைல வீடு. ஹால்ல ரெண்டடி கடல் தண்ணித் தொட்டி, உள்ள மஷ்ரூமும் ஜோவாவும் (கல் கூடு இல்லாத பவள வகைங்க). கொளத்தூர்ல ரெடிமேட் ரீஃப் லைட் விலை கேட்டேன், கட்டுப்படியாகல. சரி நாமளே செய்வோம்னு 3 வாட் ஸ்டார் எல்இடி வாங்கினேன். ராயல் ப்ளூ 24, கூல் ஒயிட் 12. பன்னெண்டு பன்னெண்டா சீரீஸ்ல ஓட்ட 700 மில்லி ஆம்பியர் டிரைவர் (எல்இடிக்கு அளவா கரன்ட் குடுக்கற பெட்டி) 3. லென்ஸ், சூட்ட இழுக்கற அலுமினிய ஹீட்சிங்க் எல்லாம் சேத்து 11,400.

எதுல விழுந்தேன்னா, கவுண்டர்ல இருந்த பையன் கேட்ட முதல் கேள்வி: "உள்ள என்னண்ணா, ஜோவாவா? கல் பவளம் வெச்சிடாதீங்க, வனவிலங்குச் சட்டத்துல கேஸ் ஆயிடும்." விஷயம் தெரிஞ்சவன் பேசற பேச்சு. "450 நானோமீட்டர், கேரண்டி"ன்னு (ராயல் ப்ளூ ஒளியோட அலைநீளம் அது) ஒண்ண எரிச்சும் காட்டினான். எந்தக் கடைல இவ்ளோ பேசறாங்க? பணத்த அனுப்பிட்டேன்.

வீட்ல மாட்டினா பச்சை ஜோவா மங்கலா நிக்குது. ராயல் ப்ளூல அது சும்மா தகதகன்னு இருக்கணும். நண்பர்கிட்ட இருந்த நல்ல ராயல் ப்ளூவ பக்கத்துல எரிச்சோம். அது ஊதா கலந்த ஆழ்ந்த நீலம். இவன் குடுத்தது ஆடி மாசக் கூழ் ஊத்தற பந்தல் சீரியல் செட்டு. மீட்டர் வெச்சா 700 போட்ட டிரைவர்ல 420தான் வருது. அது கூடப் பரவால்ல. ஈரக் கையால ஹீட்சிங்க்க தொட்டேன், சுர்ருன்னு இழுத்துச்சு. டிரைவரப் பிரிச்சா உள்ள ட்ரான்ஸ்ஃபார்மரே இல்ல, வெறும் காயில். மெயின்ஸ் கரன்ட் நேரா எல்இடி லைனுக்கு வருது. உப்புத் தண்ணிக்கு மேல இதத் தொங்க விட்டிருக்கேன்! பொண்ணு தினம் அங்கதான் மீனுக்குத் தீனி போடுவா.

கடைக்குப் போனா, "கனெக்‌ஷன் மாத்திக் குடுத்திருப்பீங்க சார்." மீட்டர்ல காட்டினேன். "சால்டர் வெச்சா ரிட்டர்ன் இல்ல சார்." சால்டர் வெக்காம எப்படிடா எரிய வெக்கறது? அப்புறம் ஓனர் ஊர்ல இல்லயாம். மெசேஜ் பண்ணா நீல டிக் விழுது, பதில் இல்ல. பில்லுன்னு குடுத்தது ஜிஎஸ்டி நம்பர் இல்லாத துண்டுச் சீட்டு. 11,400 ரூபாய்க்குத் துண்டுச் சீட்டு!

செய்முறை, டிப்ஸ் எல்லாம் எழுதறேன்னு சொல்லியிருந்தேன். இப்ப மனசில்ல, இத மட்டும் பாருங்க. டிரைவர் ஐசோலேட்டட் வகையான்னு (மெயின்ஸ் கரன்ட எல்இடி லைனுக்கு வர விடாம பிரிச்சு வெக்கறது) கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க. கடையிலயே மீட்டர் வெச்சு கரன்ட் பாருங்க. ஹீட்சிங்க்குக்கு எர்த் குடுங்க. தொட்டி லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா லைனத் துண்டிக்கற சுவிட்ச்) இல்லாம எதையும் ஆன் பண்ணாதீங்க.

அதே டிரைவர, அதே 700 ஸ்டிக்கரோட, நேத்து வேற ஒருத்தருக்கு வித்திருக்கான்.