ஆட்சென்ஸ்: கடலூர், புதுச்சேரி தமிழ்த் தளங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

மின்தடை அறிவிப்பு, புயல் எச்சரிக்கை, வீராம்பட்டினம் தேர், லாஸ்பேட்டையில் வாடகை வீடு என்று உள்ளூர்ச் சேதிகளைத் தமிழில் போடும் சின்னத் தளங்களுக்கு, விளம்பர வருமானம் என்றதும் நினைவுக்கு வருவது, தளத்தில் விளம்பரம் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ்தான். 2003-ல் தொடங்கிய சேவை இது. தமிழ்ப் பக்கங்களை 2018-ல்தான் சேர்த்துக்கொண்டது. பணம் ஒழுங்காக வரும், கணக்கு தெளிவாக இருக்கும். அந்த வகையில் தாராளமாகச் சேரலாம். ஆனால் தளத்தின் நல்ல இடம் அத்தனையையும் அதற்கே கொடுத்துவிடக் கூடாது.

சேர்வதற்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். தளத்தில் சொந்தமாக எழுதிய பக்கங்கள் இருக்க வேண்டும். நாளிதழ்ச் செய்தியை அப்படியே எடுத்துப் போடும் தளங்கள் 'மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்' என்ற ஒரே வரிப் பதிலோடு திரும்பி வரும். எழுத்து, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இருப்பது அவசியம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பக்கம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கூகுளுக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான். முதலில் மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள். முடிவு சில நாளில் தெரியும், சிலருக்கு 2 முதல் 4 வாரம் ஆகும்.

நம் பக்கத்து ஆட்களுக்குச் சிக்கல் வருவது பெயரிலும் முகவரியிலும். நமக்கு இனிஷியல் உண்டு. பாஸ்புக்கில் அது பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும். ஆட்சென்ஸில் கொடுக்கும் பெயர், பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கில் உள்ளபடி இருக்க வேண்டும். தனிநபர் கணக்கா, நிறுவனக் கணக்கா என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகு மாற்ற முடியாது, மூடிவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

வருமானம் 10 டாலரைத் தொட்டதும், முகவரி சரிதானா என்று பார்க்க 6 இலக்க 'பின்' எண்ணைச் சாதாரணத் தபாலில் அனுப்புவார்கள். வந்துசேர 2 முதல் 4 வாரம். அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. 605 என்று தொடங்கும் அஞ்சல் குறியீடு புதுச்சேரிக்கும் உண்டு, கோட்டக்குப்பம் போன்ற தமிழ்நாட்டு ஊர்களுக்கும் உண்டு. எந்த மாநிலம் என்று தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். தெருப் பெயரை உங்கள் தபால்காரர் படிக்கும் எழுத்துக்கூட்டலில் எழுதி, கதவு எண்ணில் பழையது, புதியது இரண்டையும் போடுங்கள். முதல் பின் அனுப்பிய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் தளத்தில் விளம்பரம் நின்றுவிடும்.

சரி, எவ்வளவு வரும்? 2024 தொடக்கத்திலிருந்து க்ளிக்குக்கு இவ்வளவு என்ற முறை போய், விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்ற கணக்கில் தருகிறார்கள். கூகுளிடம் விளம்பரம் கொடுப்பவர்களுக்கான கூகுள் ஆட்ஸ் வழியாக வரும் விளம்பரமென்றால், விளம்பரம் கொடுப்பவர் செலவழிக்கும் 100 ரூபாயில் சராசரியாக 68 ரூபாய் தளத்துக்கு. பார்க்க வேண்டிய எண் ஆர்பிஎம், அதாவது ஆயிரம் பக்கப் பார்வைக்கு எவ்வளவு என்பது. மாதம் 60,000 பார்வை, ஆர்பிஎம் அரை டாலர் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 30 டாலர். பணம் கைக்கு வர 100 டாலர் சேர வேண்டும், ஆக நாலாவது மாத முடிவில்தான் தகுதி வரும். தமிழ்ப் பக்கத்துக்குப் போட்டி போடும் விளம்பரதாரர்கள் குறைவு. புதுச்சேரி ஒயிட் டவுன் தங்கும் விடுதி பற்றிய ஆங்கிலப் பக்கத்துக்குக் கிடைக்கும் விலை, அதே தளத்தின் தமிழ்ச் செய்திக்குக் கிடைப்பதில்லை. உழைத்து எழுதும் தமிழ்த் தளங்களுக்கு இது உண்மையாகவே வலிக்கிற விஷயம்.

புதுச்சேரித் தளங்களுக்கு ஒரு சாதகம் உண்டு: பிரான்சில் குடியிருக்கும் நம்மவர்கள் அங்கிருந்து படிக்கிறார்கள், அந்தப் பார்வைக்கு விலை அதிகம். அதைப் பெற ஒரு வேலை செய்தாக வேண்டும். 2024 ஜனவரி 16 முதல், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் பிரிட்டனிலும் இருந்து வரும் வாசகருக்கு, அவர் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்த, கூகுள் சான்றளித்த கருவி மூலம் ஒப்புதல் கேட்டால்தான் முழு விளம்பரம் வரும். ஆட்சென்ஸிலேயே 'ப்ரைவசி அண்ட் மெசேஜிங்' பகுதியில் இலவசமாக அமைக்கலாம். இதைச் செய்யாமல் விட்டு, பாரிஸிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், காசு மட்டும் வரவில்லை என்று குழம்புவதில் பயனில்லை.

விளம்பரம் வைக்கும் இடத்துக்கு வருவோம். டிஸ்ப்ளே யூனிட் என்ற விளம்பரக் கட்டம் ஒன்றில் படமும் வரும், எழுத்து விளம்பரமும் வரும். அந்த நேரத்து ஏலத்தில் எது வெல்கிறதோ அது. போனில் 300x250 அல்லது 336x280 பிக்சல் அளவு, முதல் இரண்டு பத்தி முடிந்த இடத்தில் நன்றாக உட்காரும். அந்தக் கட்டத்துக்கு முன்கூட்டியே 280 பிக்சல் உயரம் ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்காவிட்டால், வாசகர் 'கடலூர் துறைமுகம்: 3-ம் எண் கூண்டு' என்ற இணைப்பைத் தொடப் போகும் நொடியில் விளம்பரம் வந்து விழும், எழுத்து கீழே இறங்கும், விரல் விளம்பரத்தில் படும். அது வருமானமில்லை, தவறுதல் க்ளிக் என்று பிற்பாடு கழித்துவிடுவார்கள். 'அடுத்த படம்' பொத்தானை ஒட்டி விளம்பரம் வைப்பதும் இதே கதைதான். விளம்பரத்துக்கு மேல் 'பயனுள்ள தகவல்கள்' என்று தலைப்புப் போடுவது விதிமீறல். கூகுளே இடம் பார்த்து விளம்பரம் வைக்கும் ஆட்டோ ஆட்ஸைப் போட்டால் முழுத்திரை விளம்பரத்தை அணைத்துவிடுங்கள். மின்தடை நேரம் பார்க்க அவசரமாக வருபவரை அது விரட்டிவிடும்.

தளங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அன்பால். வாட்ஸ்அப் குழுவில் "நம்ம தம்பி சைட்டுங்க, விளம்பரத்தைத் தட்டி விடுங்க" என்று யாராவது போட்டால் போதும். ஒரே ஊரிலிருந்து திடீரென்று க்ளிக் குவியும், கூகுள் விளம்பரத்தைக் குறைத்துக் காட்டும் 'விளம்பரக் கட்டுப்பாடு' விழும். பெரும்பாலும் 30 நாளுக்குள் நீங்கும். மீண்டும் நடந்தால் கணக்கே போய்விடும். அப்படிக் குவிந்ததைப் பார்த்ததும் தேதியோடு கூகுளுக்குப் படிவத்தில் தெரிவித்துவிடுங்கள். உங்கள் தளத்தில் யார் விளம்பரம் விற்கலாம் என்று அறிவிக்கும் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் 'பப்' என்று தொடங்கும் உங்கள் 16 இலக்க எண் சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஓர் எண் மாறினாலும் விளம்பரம் வற்றிவிடும்.

மாத வருமானம் அடுத்த மாதத் தொடக்கத்தில் இறுதியாகும், 21-லிருந்து 26-க்குள் அனுப்புவார்கள். டாலர் வயர் டிரான்ஸ்ஃபராக வருவதால், வெளிநாட்டுப் பணம் வர வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும். கடலூரில் பல கிளைகளுக்கு அது தனியாக இருக்காது. வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையின் குறியீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எதற்கான பணம் என்று வங்கி கேட்டால், விளம்பரச் சேவைக்கான நோக்கக் குறியீடு பி1007. கட்டணமும் டாலர் மாற்று விலையும் வங்கிக்கு வங்கி மாறும். சின்னத் தொகையில் அந்தக் கட்டணம் உறைக்கும் என்பதால், ஆட்சென்ஸ் அமைப்பில் பணம் அனுப்பும் வரம்பை 200, 300 டாலராக உயர்த்தி வைப்பது புத்திசாலித்தனம்.

தலைப்புக்குக் கீழே உள்ள இடத்தை மட்டும் உள்ளூர்க் கடைக்கு ஒதுக்குங்கள். கடலூர் லாரன்ஸ் ரோடு ஜவுளிக் கடையோ புதுச்சேரி நேரு வீதி நகைக் கடையோ மாத வாடகையாகத் தரும் தொகை, அந்த ஒரு கட்டத்தில் ஆட்சென்ஸ் தருவதைச் சுலபமாகத் தாண்டும். அந்தக் கடைக்குத் தேவை உள்ளூர் வாசகர்தான், அவரைத் தரக்கூடியது உங்கள் தளம்தான். படம் 100 கேபிக்குள் இருக்கட்டும், 'விளம்பரம்' என்று எழுதுங்கள், இணைப்பில், காசு வாங்கிப் போட்டது என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'ஸ்பான்சர்ட்' குறியைச் சேருங்கள். ஆட்சென்ஸ் இதைத் தடுப்பதில்லை. அங்கே பிளாக்கிங் பகுதிக்குப் போய் ஜோதிடம், சீக்கிரம் பணக்காரராகலாம் வகை விளம்பரங்களை அடைத்துவிடுங்கள். கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, வாசகரின் நம்பிக்கை அதைவிடப் பெரிது.

தளத்தை நிறுத்துவதென்றால் கணக்கை முறையாக மூடுங்கள். 10 டாலருக்கு மேல் இருப்பு இருந்தால், 100 சேராவிட்டாலும் மீதியை அனுப்பிவிடுவார்கள்.