குடியிருப்போர் பார்க்கிங் பெர்மிட்: ஒரு வருடம் வைத்திருந்தவனின் விமர்சனம்

பெர்மிட்டைப் புதுப்பிக்கச் சொல்லி நேற்று மின்னஞ்சல் வந்தது. வாங்கி ஒரு வருடம் ஓடிவிட்டது. பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வாங்கும் முன் யாராவது இப்படி எழுதி வைத்திருந்தால் இரண்டு அபராதச் சீட்டாவது வராமல் இருந்திருக்கும்.

என் நிலைமை இது. நகர மையத்தில் பழைய கட்டடம், மூன்றாம் மாடி, கீழே வண்டி நிறுத்த இடம் கிடையாது. வேலைக்கு நடந்தே போய்விடுவேன். கார் தேவைப்படுவது அம்மாவைப் பார்க்கப் போக, எப்போதாவது கனமான சாமான் ஏற்றி வர. எங்கள் தெருவில் வெளியார் 2 மணி நேரம்தான் நிறுத்தலாம், அதுவும் காசு கட்டி. பெர்மிட் இருந்தால் அந்த 2 மணிக் கணக்கு நமக்கு இல்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கலாம். வாங்குவது இதற்காகத்தான். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். போன மாதம் கேட்டிருந்தால் இரண்டு.

விண்ணப்பத்துக்கு முகவரிச் சான்று, வண்டியின் பதிவுச் சான்று இரண்டும் வேண்டும், இரண்டிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். என் கார் அக்கா பெயரில் இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் ஒரே வரி: வண்டியின் உரிமையாளர் இந்த மண்டலத்தில் வசிப்பவர் அல்லர். அக்காவிடம் சொன்னால், “எத்தனை வருஷமா உன் பேருக்கு மாத்திக்கோன்னு சொல்றேன், இப்பதான் உனக்கு உறைச்சுதா?” என்றாள். பெயர் மாற்ற மூன்று வாரம் ஆனது. மறுபடி விண்ணப்பித்ததும் இரண்டே நாளில் பெர்மிட் வந்துவிட்டது. அந்த வேகத்துக்கு ஒரு மதிப்பெண் நிச்சயம் உண்டு.

அந்த மூன்று வாரமும் எரிச்சல்தான். தெரு எல்லாருக்கும் பொது, இதில் உள்ளே இருப்பவனுக்கு ஒரு நீதி, வெளியே இருந்து வருகிறவனுக்கு ஒரு நீதியா? இதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி), அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களில் நாள் முழுக்கக் காரை விட்டுவிட்டுப் போனார்கள். கவுண்டி பெர்மிட் முறையைக் கொண்டுவந்தது. வெளியே இருந்து வந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். சத்தம், புகை, நெரிசல் குறைய வேண்டுமானால் குடியிருப்பவரையும் வந்துபோகிறவரையும் பிரித்துப் பார்க்கலாம் என்று 1977இல் தீர்ப்பு வந்தது. பெர்மிட் கைக்கு வந்தபின் எனக்கும் அந்தத் தீர்ப்பு நியாயமாகவே பட்டது.

இனி அபராதக் கதை. இப்போது கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கரெல்லாம் இல்லை. நம்பர் பிளேட்தான் பெர்மிட். கூரையில் கேமரா வைத்த கார் ஒன்று தெருவில் மெதுவாக ஊர்ந்து போகும். நிற்கிற ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் படித்துப் பட்டியலோடு ஒப்பிடும். இல்லாத எண்ணுக்கு அபராதம். நான் செயலியில் எண்ணைப் பதியும்போது பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ அடித்திருக்கிறேன். திரையில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பெர்மிட் வாங்கிய நான்காம் நாள் முதல் சீட்டு வந்தது. பதிவுச் சான்றின் படம், பெர்மிட்டின் படம் இரண்டையும் வைத்து முறையிட்டேன். 23 நாள் கழித்து ரத்து செய்தார்கள், மன்னிப்பும் இல்லை விளக்கமும் இல்லை. தப்பு என்னுடையது என்பதால் நானும் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் பதிந்தவுடன் எண்ணை வேறொருவரைப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

இரண்டாவது சீட்டுக்கு முறையிட வழியே இல்லை. மண்டல எல்லை எங்கள் தெருவின் நடுவில் போகிறது. என் வீட்டுப் பக்கம் ஒரு மண்டலம், எதிர்ப்பக்கம் வேறு மண்டலம். என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நிறுத்தினாலும் அது என் பெர்மிட்டுக்கு வெளியூர்தான். வரைபடத்தில் இந்தக் கோடு இருந்தது. பார்த்தேன், ஆனால் கோடு போகிற தெருவின் இரண்டு பக்கமும் என் மண்டலம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

போர்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் முனையில் ஒரே கம்பத்தில் நான்கு தகடு. மேலே உள்ளது காலை 7 முதல் 11 வரை சரக்கு இறக்கும் வண்டிகளுக்கு மட்டும். அடுத்தது 11 முதல் மாலை 6 வரை காசு கட்டி 2 மணி நேரம். மூன்றாவது, பெர்மிட் உள்ளவருக்கு விலக்கு. நான்காவது, செவ்வாய் காலை 8 முதல் 10 வரை தெரு கூட்டுவதால் யாரும் நிற்கக் கூடாது. மூன்றாவது தகட்டின் விலக்கு முதல் தகட்டுக்கும் பொருந்துமா? பொருந்தாது. இரண்டாவதுக்கு மட்டும்தான். அதை எங்கே எழுதியிருக்கிறார்கள் என்றால், அம்புக்குறிதான் பதில்: விலக்குத் தகட்டில் அம்பு, இரண்டாவது தகட்டைப் போலவே, இடப்பக்கம் மட்டும்; சரக்குத் தகட்டில் இரண்டு பக்கமும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. இப்போது யாராவது கம்பத்தின் கீழே கழுத்தை நிமிர்த்தி நின்றால் நானே போய் விளக்குகிறேன். ஒருவர் என்னைப் பார்க்கிங் ஊழியர் என்று நினைத்துச் சண்டைக்கே வந்துவிட்டார்.

விருந்தாளிகளுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. வருடத்துக்கு இத்தனை மணி என்று ஒரு கணக்கு. வருகிறவரின் எண்ணைச் செயலியில் போட்டு ஆரம்பிக்க வேண்டும், கிளம்பியதும் நிறுத்த வேண்டும். நிறுத்த மறந்தால் மணி ஓடிக்கொண்டே இருக்கும். அத்தான் வந்துபோன ஞாயிற்றுக்கிழமை திங்கள் மதியம் வரை நீண்டது அப்படித்தான்.

சரி, இரண்டு மதிப்பெண்ணை எங்கே குறைத்தேன்? போர்டுக்காக இல்லை, அபராதத்துக்காகவும் இல்லை.

பெர்மிட் கிடைத்தால் இடம் கிடைத்த மாதிரி என்று நினைத்திருந்தேன். எங்கள் மண்டலத்தில் மொத்தம் எத்தனை இடம், எத்தனை பெர்மிட் கொடுத்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கேட்டேன். பெர்மிட் இடத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்று பதில் வந்தது; எண்ணிக்கையைக் காணோம். ஜப்பானில் 1962லேயே சட்டம் போட்டு, காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டினால்தான் பதிவு என்று வைத்தார்கள். தெருவை யாரும் வீட்டுக் கொட்டகையாக்கிவிடக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். இங்கே கொட்டகைதான் விற்கிறார்கள், கொட்டகையை விட அதிகம் பேருக்கு.

இதன் விளைவு விசித்திரமானது. மாலை 6 மணிக்கு மேல் தெருவில் ஓர் இடமும் மிஞ்சாது. வெளியார் கட்டுப்பாடு முடிகிற நேரமும் அதுதான். அதனால் நல்ல இடம் ஒன்று கிடைத்துவிட்டால் காரை எடுக்கவே மனசு வராது. போன குளிர்காலத்தில் அம்மாவைப் பார்க்க நான்கு முறை பேருந்தில் போனேன். கார் வாசலுக்கு நேர் எதிரே, மண்டலக் கோட்டுக்கு இந்தப் பக்கம், சரக்குத் தகடு எட்டாத, தெரு கூட்டும் பட்டியலிலும் இல்லாத இடத்தில் நின்றது. அப்படிப்பட்ட இடம் எங்கள் தெருவில் மூன்றுதான். அதை விட்டுப் போக எனக்கு எப்படிக் கால் வரும்?

காசு போட்டு வண்டி நிறுத்துகிற பார்க்கிங் மீட்டர் என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததே வண்டியை நகர்த்துவதற்குத்தான். 1935 ஜூலையில் ஓக்லஹோமா நகரில் முதல் மீட்டர் வைத்தார்கள். கடைத்தெருவில் வேலை செய்கிறவர்களே காலையில் வந்து நாள் முழுக்க நிறுத்திவிடுவதால் வாங்க வருகிறவர்களுக்கு இடமில்லை. அதற்குக் கண்ட வழி அது. 2011இல் சான் பிரான்சிஸ்கோ தரையில் உணரிகள் பதித்து, எந்தத் தெரு எந்த நேரத்தில் நிறைகிறது என்று பார்த்துக் கட்டணத்தை ஏற்றி இறக்கிப் பார்த்ததும், எங்கேயும் ஓரிரு இடம் காலியாக இருக்கட்டும் என்றுதான். மீட்டர் வண்டியைக் கிளப்புகிறது, என் பெர்மிட் அதை உட்கார வைக்கிறது. ஒரே கம்பத்தில் இரண்டும். காரைக் குறைவாக ஓட்டுகிறவனுக்குத்தான் இதில் லாபம் அதிகம், தினம் எடுக்கிற பக்கத்து வீட்டுச் செவிலியர் இரவுப் பணி முடிந்து வந்து அரை மணி நேரம் சுற்றுகிறார். நாங்கள் கட்டுவது ஒரே தொகை.

போன மாதம் பேட்டரி இறங்கிவிட்டது. ஐந்து வாரம் அசையாமல் நின்றால் இறங்காதா? மெக்கானிக் வந்தார், அவர் வேனை நிறுத்த இடமில்லை. செவிலியர் அப்போதுதான் கிளம்பிய இடத்தில் விடச் சொல்லி, விருந்தாளிக் கணக்கில் வேனின் எண்ணைப் போட்டேன். “வண்டியை ஓட்டணும் சார், சும்மா வச்சா கெட்டுப்போகும்” என்றார் மெக்கானிக். ஓட்டினால் இடம் போய்விடும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும், “அரை மணி நேரம் எங்கயாவது சுத்திட்டு வாங்க, அப்பதான் சார்ஜ் ஏறும்” என்றார். சுற்றப் போனேன். திரும்பி வரும்போது என் இடத்தில் ஒரு நீல நிறக் கார் நின்றது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அம்மா வீட்டுக்குக் காரிலேயே போகிறேன். இழக்க நல்ல இடம் இல்லை என்பதால் எடுப்பதில் தயக்கம் இல்லை. மூன்றாவது மதிப்பெண் இந்த மாதம் கூடியது அதனால்தான்.

புதுப்பித்துவிட்டேன். எண்ணில் பூஜ்யம் பூஜ்யமாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். கார் இப்போது நான்கு தகட்டுக் கம்பத்திலிருந்து சற்றுத் தள்ளி, சரக்குத் தகடு எட்டாத இடத்தில் நிற்கிறது. நாளை செவ்வாய், 8 மணிக்கு முன்னால் எடுத்தாக வேண்டும்.