ராமாவுக்கு ஒன்பதரை மார்க்

குடியாத்தத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். படித்து முடித்துக் காலேஜ் போனவர்களும், "மிஸ், நல்ல சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவல் சொல்லுங்க" என்று போன் பண்ணிக் கேட்பார்கள். நான் மார்க் போடும் முறை இதுதான். எழுதுகிறவர் தன் உலகத்துக்கு என்ன விதி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். டிராகன் பறக்கட்டும், மந்திரம் பலிக்கட்டும். வைத்த விதியைக் கடைசிப் பக்கம் வரை காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். நாயகன் மாட்டிக்கொண்ட நேரத்தில் புதுசாக ஒரு சக்தி முளைத்தால் அங்கேயே மார்க் போய்விடும்.

என் முதல் சிபாரிசு ஆர்தர் சி. கிளார்க்கின் 'ராண்டேவூ வித் ராமா'. 1973இல் வந்தது. பத்துக்கு ஒன்பதரை. 22ஆம் நூற்றாண்டில் சூரியக் குடும்பத்துக்குள் ஏதோ ஒன்று நுழைகிறது. குறுங்கோள் என்றுதான் முதலில் நினைக்கிறார்கள். கிரேக்க, ரோமானியப் பெயர்கள் தீர்ந்துபோய் இந்து தெய்வங்களின் பெயர்களை வைக்கும் காலம் அது. அதனால் அது ராமா ஆகிறது. நம் ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கியகத்தில் 1988இல் கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர் இருக்கிறது, தெரியுமா? இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வந்து சந்தோஷமாக இருக்கும்.

கிட்டே போய்ப் பார்த்தால் அது 50 கிலோமீட்டர் நீளமுள்ள உருளை. உள்ளே கட்டடங்கள், நடுவில் உட்சுவரை வளைத்துச் சுற்றிவரும் உறைந்த கடல். அந்தக் கடலின் கரைகளைக் கவனியுங்கள். வடகரை 50 மீட்டர் உயரம், தென்கரை 500 மீட்டர். ஏன் இவ்வளவு வித்தியாசம்? தண்ணி லாரி சடாரென்று கிளம்பினால் டேங்கில் இருக்கிற தண்ணீர் பின்பக்கம் ஏறும் அல்லவா? ராமா வடக்குப் பக்கமாக வேகமெடுத்தால் மொத்தக் கடலும் தெற்கே ஏறும். அதைத் தாங்கத்தான் அத்தனை பெரிய சுவர். அப்படியென்றால் இது சும்மா மிதந்து வரும் பொருள் இல்லை, வேகமெடுக்கக்கூடிய கப்பல்! ஒரு சுவரின் உயரத்தை வைத்தே இதைப் புரியவைக்கிறார் கிளார்க். நியூட்டன் விதி நடத்தும் நாளில் இந்தப் பகுதியைத்தான் வகுப்பில் சொல்கிறேன், கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

ராமாவைக் கட்டியவர்கள் யார் என்று நாவல் சொல்வதில்லை. சிலருக்கு அது குறை. எனக்கு அதுதான் நேர்மை. ராமாவுக்குள் போய்ப் பார்க்கிற மனிதர்களுக்கு அவ்வளவுதான் தெரிய முடியும். அரை மார்க் குறைத்தது மனிதர்களுக்காக. கேப்டன் நார்ட்டனைத் தவிர வேறு யாரும் மனசில் தங்குவதில்லை.

மனிதர்கள்தான் வேண்டும் என்றால் உர்சுலா லெ குவின் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' (1969). ஒன்பது. நிரந்தரமாக ஆண், பெண் என்று யாரும் இல்லாத பனிக் கிரகம். முதல் பாதியில் அரசியல் கொஞ்சம் இழுக்கும், விட்டுவிடாதீர்கள். ஒருவரை ஒருவர் நம்பத் தயங்கிய இரண்டு பேர் ஒரே சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பனியைக் கடக்கும் பகுதியை அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் படித்தேன், விரல் சில்லிட்டது.

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. எட்டு. விகடனில் தொடராக வந்ததால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு திடுக் இருக்கும், மொத்தமாகப் படிக்கையில் அது சற்று அலுக்கும். ஆனால் ஜீனோ! அந்த இயந்திர நாய் புத்தகம் படித்துப் படித்து எஜமானியைவிட விவரமாகிற அழகுக்காகவே வாங்கலாம்.

அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' ஏழு. யோசனை பிரமாதம், ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்புறம், எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் லெ குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' (1968) வாங்கிக் கொடுங்கள். சிறிய புத்தகம். ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதன்மேல் மந்திரம் பலிக்கும், போட்ட மந்திரத்துக்கு விலையும் உண்டு. அந்த விதி கடைசி வரை தளர்வதே இல்லை. ஒன்பதரை.